லீவில் வந்த தம்பியின் யூனிஃபார்ம் படம் கட்சி பேனரில்: எப்படி நீக்குவது, அவன் வேலைக்குப் பாதிப்பு வருமா?

மஞ்சக்குப்பம் மலர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கடலூர். தம்பி ராணுவத்தில் நாயக், இப்போது லீவில் வந்திருக்கிறான். எங்கள் தெருமுனையில் ஒரு கட்சிக்காரர்கள் டிஜிட்டல் பேனர் கட்டியிருக்கிறார்கள். நடுவில் யூனிஃபார்மில் தம்பி, மேலே வரிசையாகத் தலைவர்கள், கீழே "மண்ணின் மைந்தரை வரவேற்கிறோம்" என்று வார்டு செயலாளர் பெயர். அதே படத்தை அவர்கள் ஃபேஸ்புக் பக்கத்திலும் போட்டு, தம்பியின் பழைய கணக்கை டேக் செய்துவிட்டார்கள். அம்மாவின் வாட்ஸ்அப் டிபியில் இருந்த படம் அது. தம்பியிடம் யாரும் கேட்கவில்லை, அவனும் சம்மதம் சொல்லவில்லை.

நான் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. இதனால் அவனுக்கு ஆபத்து உண்டா? அவன் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது?
2. பேனரையும் பதிவையும் நாங்கள் எப்படி எடுக்க வைப்பது?
3. எங்கள் மாமா ராணுவத்தில் ஓய்வு பெற்றவர். குடும்ப குரூப்பில் தினமும் கட்சிப் பதிவும் போர் வீடியோவும் அனுப்புகிறார். அந்தக் குரூப்பில் தம்பியும் இருக்கிறான், அட்மின் நான்தான். இது தப்பா?

தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

பழைய சுபேதார் பதில்:

மலர் தங்கச்சி, பதற வேண்டாம். ஆனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடவும் வேண்டாம்.

அரசியல் சாசனத்தின் 33-வது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளில் சிலவற்றைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1950-ம் வருட ராணுவச் சட்டத்தின் 21-வது பிரிவும், 1954-ம் வருட ராணுவ விதிகளில் 19, 20, 21 மூன்றும் அதை வைத்து வந்தவை. உங்கள் விஷயத்துக்கு 20-ம் 21-ம் முக்கியம்.

விதி 20 சொல்வது இது. பணியில் இருப்பவர் கட்சிக் கூட்டத்துக்கோ அரசியல் ஆர்ப்பாட்டத்துக்கோ போகக் கூடாது. பேசக் கூடாது என்பது மட்டுமில்லை, போய் உட்காரவே கூடாது. கட்சியில் சேரக் கூடாது, நிதி கொடுக்கக் கூடாது. வேட்பாளர் ஒருவருக்காக எந்த வகையிலும் வேலை பார்க்கக் கூடாது. விதி 21, அரசியல் விஷயத்தையோ பணி தொடர்பான தகவலையோ முன் அனுமதி இல்லாமல் வெளியிடுவதைத் தடுக்கிறது. ஃபேஸ்புக் பதிவும் வெளியீடுதான். இவற்றை மீறினால் ஒழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் குந்தகம் என்று 63-வது பிரிவில் நடவடிக்கை வரலாம். அதன் உச்சத் தண்டனை ஏழு வருடம். பேனர் விஷயத்துக்கு அந்த அளவு போகாது. தம்பி எதையும் செய்யவில்லை, மற்றவர்கள் அவன் படத்தை எடுத்துப் போட்டார்கள். அந்த உண்மையை அவனே முந்திக்கொண்டு யூனிட்டில் பதிய வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வேறு யாரோ ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, பிறகு அவன் விளக்கம் சொல்லும் நிலை வந்தால்தான் சிக்கல்.

தம்பி செய்ய வேண்டியது: இன்றே கம்பெனி சீனியர் ஜேசிஓவுக்கு (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி) போனில் சொல்லிவிட வேண்டும். ஜாயின் ஆன அன்றே கம்பெனி கமாண்டருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். நீளமாக எழுத வேண்டாம். "இந்தத் தேதியில் இந்த இடத்தில் என் சீருடைப் படம் எனக்குத் தெரியாமலும் என் சம்மதம் இல்லாமலும் ஒரு கட்சியின் பேனரிலும் சமூக வலைத்தளப் பக்கத்திலும் போடப்பட்டது. நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை, எந்தக் கூட்டத்திலும் கலந்துகொள்ளவில்லை. நீக்கக் கோரிக் குடும்பத்தார் கொடுத்த மனுவின் நகலை இணைத்துள்ளேன்." இவ்வளவு போதும். நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்கி அவன் கையில் ஒன்று இருக்கட்டும்.

செய்யக் கூடாதது: அந்தப் பதிவின் கீழ் "எடுத்துவிடுங்கள்" என்று அவன் பெயரில் கமென்ட் போடக் கூடாது. நன்றி என்றும் போடக் கூடாது, லைக்கும் கூடாது. பேனர் கட்டியவர்களிடம் நேரில் போய்ச் சண்டை பிடிக்கவும் கூடாது. நீக்கச் சொல்வது வீட்டார் வேலை. இன்னொன்று, பேனர் கட்டியவர்கள் அடுத்ததாகப் பொன்னாடை போர்த்தக் கூப்பிடுவார்கள். கோயில் தர்மகர்த்தா மாலை போட்டால் வாங்கிக்கொள்ளலாம். மேடையில் கட்சிக் கொடி இருந்தால் அவன் ஏறவே கூடாது, சிவில் டிரஸ்ஸாக இருந்தாலும்.

ஓட்டு மட்டும் அவன் உரிமை. சர்வீஸ் வோட்டராகப் பதிந்திருந்தால் தபால் ஓட்டு மின்னணு முறையில் யூனிட்டுக்கு வரும், அச்செடுத்துக் குறித்துத் தபாலில் அனுப்ப வேண்டும். குறித்த சீட்டைப் படமெடுத்து குரூப்பில் போடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ரகசிய ஓட்டு என்பதையே அது கெடுத்துவிடும்.

சுனாமி, வெள்ளம் என்று கடலூர் அடி வாங்கியபோதெல்லாம் படகோடு வந்த வீரனைப் பார்த்து, இவன் எந்தக் கட்சி ஆள் என்று ஒரு குப்பத்திலும் யாரும் யோசிக்கவில்லை. அந்த நம்பிக்கை இருக்கிறவரைதான் சீருடைக்கு மதிப்பு. அதனால்தான் இந்த விதிகளில் இவ்வளவு கறார்.

---

செம்மண்டலம் சேகர் பதில்:

நீக்கும் வழியை நான் சொல்கிறேன் அக்கா. வரிசை முக்கியம்.

முதலில் ஆதாரம். பேனரை முழுதாக ஒரு படம், தெருப் பெயரோ கடைப் பெயரோ தெரிகிற மாதிரி ஒரு படம், பேனரின் கீழ் ஓரத்தை நெருக்கமாக ஒரு படம். அனுமதி எண்ணும் அச்சகத்தின் பெயரும் அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே உங்கள் மனுவுக்குப் பலம். ஃபேஸ்புக் பதிவுக்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்தப் பதிவின் லிங்க்கை காப்பி செய்து தேதியோடு எழுதி வையுங்கள். இதை முடிக்காமல் பேச்சுவார்த்தைக்குப் போகாதீர்கள். பதிவை அவர்கள் நீக்கிவிட்டால், தம்பியின் கடிதத்தோடு இணைக்க எதுவும் இருக்காது.

அடுத்தது ஒரு போன். பேனரில் நம்பர் இருக்கும். "இந்தப் படத்தால் அவன் வேலைக்கே உலை, பணியில் இருப்பவர் படம் கட்சி விளம்பரத்தில் வரக் கூடாது, இன்று சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுங்கள்" என்று தணிவாகச் சொல்லுங்கள். கௌரவப்படுத்துவதாக நினைத்துத்தான் அநேகம் பேர் செய்கிறார்கள், சொன்னால் கேட்பார்கள். பிறகு அதையே வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் அனுப்புங்கள். பக்கத்தில் "ஹைட்" செய்தால் போதாது, டெலிட் செய்ய வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்.

கேட்கவில்லை என்றால் பேனருக்கு மாநகராட்சி ஆணையரிடம் மனு, நகல் காவல் நிலையத்துக்கு. தேர்தல் தேதி அறிவித்து நடத்தை விதிகள் அமலில் இருக்கும் நேரமாக இருந்தால் இன்னும் வேகமான வழி உண்டு. படைவீரர்களின் படங்களை அரசியல் விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013 டிசம்பரிலேயே கட்சிகளுக்கு எழுதியது, 2019 மார்ச் 9-ல் அதை மறுபடி வலியுறுத்தியது. தேர்தல் ஆணையத்தின் புகார் ஆப்பான சி-விஜிலில் புகார் கொடுத்தால் 100 நிமிடத்தில் நடவடிக்கை என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆனால் கேலரியில் உள்ள பழைய படத்தை அதில் ஏற்ற முடியாது. பேனர் முன்னால் நின்று, லொக்கேஷனை ஆன் செய்து, ஆப்பிலிருந்தே படம் எடுக்க வேண்டும். பலருடைய புகார் இங்கேதான் நின்றுவிடுகிறது. தேர்தல் இல்லாத நாளில் இந்த ஆப் உதவாது.

ஃபேஸ்புக்கில் இரண்டு வேலை. ஒன்று, தம்பி கணக்கிலிருந்து அந்தப் பதிவின் மூன்று புள்ளியைத் தொட்டு டேக்கை நீக்குவது. அப்படியே செட்டிங்ஸில் "ப்ரொஃபைல் அண்ட் டேகிங்" போய், டேக்குகள் அவன் ஒப்புதல் இல்லாமல் தெரியாதபடி ரிவ்யூவை ஆன் செய்யட்டும். அந்தக் கணக்கே இருக்கலாமா என்பதை யூனிட் உத்தரவைப் பார்த்து அவன் முடிவு செய்யட்டும், அதைச் சுபேதார் ஐயா சொல்வார்.

இரண்டாவது, பதிவை நீக்குவது. "என் அந்தரங்கம்" என்று ரிப்போர்ட் செய்தால் பொதுவாகப் படத்தில் இருப்பவரே கேட்க வேண்டும் என்பார்கள். தம்பி ஃபேஸ்புக்கோடு எழுத்துப் போக்குவரத்து வைக்காமல் இருப்பது நல்லது. எனவே பதிப்புரிமை வழியாகப் போங்கள். 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவருக்கே உரிமை. ஸ்டுடியோவில் காசு கொடுத்து எடுத்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவருக்கு உரிமை. யார் எடுத்தாரோ அவர் ஃபேஸ்புக்கின் காப்பிரைட் படிவத்தை நிரப்பி, மூலப் படத்தையும் பேனர் பதிவின் லிங்க்கையும் சேர்த்துக் கொடுக்கலாம். எடுக்காதவர் நான்தான் எடுத்தேன் என்று கொடுத்துவிடாதீர்கள், பொய் உறுதிமொழி ஆகிவிடும்.

அம்மா போனில் செட்டிங்ஸ், ப்ரைவசி, ப்ரொஃபைல் போட்டோ போய் "மை கான்டாக்ட்ஸ் எக்செப்ட்" வையுங்கள். அதைவிட நல்லது, வேட்டி சட்டையில் இருக்கும் படத்தை வைப்பது.

---

பழைய சுபேதார் பதில்:

சேகர் தம்பி சொன்னது சரி. கணக்கு விஷயத்துக்கு வருகிறேன்.

2020 ஜூலையில் ராணுவம் 89 ஆப்களின் பட்டியல் கொடுத்து எல்லோரையும் நீக்கச் சொன்னது, ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அதில் உண்டு. ஒரு லெப்டினன்ட் கர்னல் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். ஆகஸ்டில் மனு தள்ளுபடி ஆனது. அதன் பிறகு சில தளங்களை வெறுமனே பார்க்க மட்டும் என்ற அளவில் தளர்த்தல்கள் வந்திருக்கின்றன. பார்ப்பது வேறு, பதிவு போடுவது வேறு. இணையத்தில் படித்ததை நம்பாமல், தம்பி தன் யூனிட்டில் தற்போது அமலில் உள்ள உத்தரவைப் படித்துக் கையெழுத்துப் போட்டிருப்பான் அல்லவா, அதையே பிடித்துக்கொள்ளட்டும்.

அந்தப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மார்பில் பெயர்ப்பட்டை. தொப்பியில் யானை முத்திரை இருந்தால் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று தெரியும். தோளுக்குக் கீழே உள்ள ஃபார்மேஷன் அடையாளம் எந்த டிவிஷன், எந்தக் கோர் என்று சொல்லிவிடும். மார்பு ரிப்பன்கள் எங்கெல்லாம் இருந்தான் என்பதைச் சொல்லும். சியாச்சின் மெடல் ரிப்பனுக்கு விளக்கமே தேவையில்லை. இதோடு "நாளை காலை லீவு முடிந்து கிளம்புகிறான்" என்று அத்தை ஸ்டேட்டஸ் வைத்தால், ஆள், படை, இடம், பயண நாள் நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும்.

வீரர்களுக்குக் கடிதம் 56 ஏபிஓ, 99 ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்) என்ற முகவரிக்குப் போவதே எங்கே இருக்கிறார்கள் என்று தெரியக் கூடாது என்பதற்காகத்தான். பார்சல் கவரையும் பனிமலைப் படத்தையும் சேர்த்துப் போட்டால் அந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லாமல் போகிறது. ஓட்டம் பதிகிற ஆப்களும் அப்படியே: ஸ்ட்ராவா வெளியிட்ட வரைபடத்தில் பல நாட்டு ராணுவ முகாம்களின் உள்பாதைகள் துலங்கியது 2018 ஜனவரியில் வெளியே வந்தது. ஓடியவர்கள் யாரும் ரகசியம் சொல்ல நினைக்கவில்லை.

படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதனுள் இருக்கும் இட விவரம் கழன்றுவிடும். தரம் குறையக் கூடாது என்று "டாக்குமென்ட்" ஆக அனுப்பினால் கழலாது, அட்சரேகை தீர்க்கரேகையோடு போய்ச் சேரும். கேமரா செட்டிங்ஸில் லொக்கேஷன் டேகை அணைப்பது ஒரே நிரந்தர வழி.

---

நெய்வேலி கதிர் பதில்:

எனக்கு இதில் உடன்பாடு இல்லாத இடம் ஒன்று உண்டு. படம் சரி, இடம் சரி. ஆனால் அரசியல் பேசக் கூடாது, பணியைப் பற்றி எழுதக் கூடாது என்றால், உள்ளே அநியாயம் நடந்தால் சிப்பாய் எங்கே போவான்? 2017-ல் ஒரு பிஎஸ்எஃப் (எல்லைப் பாதுகாப்புப் படை) வீரர் சாப்பாட்டைப் படமெடுத்துப் போட்டதால்தானே நாடே பேசியது. அவரை வேலையை விட்டே எடுத்தார்கள். வாயை அடைப்பதை ஒழுங்கு என்று சொல்லிவிட முடியுமா?

---

பழைய சுபேதார் பதில்:

கதிர், கேள்வி நியாயமானது. அந்த வீடியோ 2017 ஜனவரியில் வந்தது, ஏப்ரலில் அவர் நீக்கப்பட்டார். பிஎஸ்எஃப்புக்குச் சட்டம் வேறு, ஆனாலும் வழக்கம் இதேதான்.

ராணுவத்தில் குறை சொல்ல வழி இல்லாமல் இல்லை. சிப்பாய், என்சிஓ (நாயக், ஹவில்தார் போன்றவர்கள்), ஜேசிஓ எல்லோருக்கும் ராணுவச் சட்டத்தின் 26-வது பிரிவு, மேலதிகாரியாலோ வேறு அதிகாரியாலோ அநீதி நடந்தால் முறையிடும் உரிமை தருகிறது. குறை கமாண்டிங் ஆபீசர் மேலேயே என்றால் அவருக்கு மேலே உள்ளவரிடம் போகலாம். அந்த முறையீட்டில் தீர்ப்பு வந்து திருப்தி இல்லை என்றால் ஆறு மாதத்துக்குள் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் போகலாம். முறையீடு கொடுத்து ஆறு மாதமாகப் பதிலே இல்லை என்றாலும் போகலாம். சென்னையிலேயே அதன் அமர்வு இருக்கிறது, கடலூர்க்காரர் டெல்லி வரை அலைய வேண்டியதில்லை.

தோற்கிற இடமும் சொல்கிறேன். முறையீட்டைக் கோபத்தில் நாலு பக்கம் எழுதி, தேதியோ உத்தரவு எண்ணோ இல்லாமல் கொடுப்பது. நகல் வைத்துக்கொள்ளாதது. பெட்டிஷன் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே பொறுமை இழந்து வீடியோ போடுவது. அந்த ஒரு வீடியோவால் புகார் கொடுத்தவரே குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுகிறார். அதற்குப் பிறகு யாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள், வீடியோவைப் பற்றித்தான் பேசுவார்கள். உள்வழி மெதுவானது, சில இடங்களில் அதைத் தடுப்பவர்களும் உண்டு. அதை வேகப்படுத்தச் சொல்லி நாம், பொதுமக்கள், கேட்க வேண்டும். ஆயுதம் வைத்திருப்பவர் அரசியல் மேடையில் வழக்காட ஆரம்பித்தால் அதன் விலை வேறு. பக்கத்து நாடுகளைப் பார்த்தாலே தெரியும்.

---

குருசுக்குப்பம் அந்துவான் பதில்:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் இதே கேள்வி சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள்) வீடுகளிலும் வரும். பிள்ளை பிரெஞ்சு ராணுவத்தில் இருப்பான், பெரியப்பா மகன் இந்திய ராணுவத்தில் இருப்பான், இரண்டு பேரும் ஒரே குடும்ப குரூப்பில். விதிகள் ஒன்றல்ல, கலந்து குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பிரான்சில் படையினருக்கு ஓட்டுரிமையே 1945-ல்தான் வந்தது. இப்போதுள்ள பாதுகாப்புச் சட்டத் தொகுப்புப்படி அவர்களுக்குக் கருத்துச் சுதந்திரம் உண்டு. ஆனால் பணி நேரத்துக்கு வெளியே, படைவீரருக்குரிய அடக்கத்தோடு மட்டும் சொல்லலாம். பணியில் இருக்கையில் அரசியல் கட்சியில் சேர முடியாது. தேர்தலில் நிற்கலாம், பிரச்சார காலத்தில் அந்தத் தடை விலகி நிற்கும். இந்திய விதி 20-ல் வேட்பாளராக அறிவித்துக்கொள்ளவே இடமில்லை என்பது பெரிய வித்தியாசம்.

மாமா விஷயத்துக்கும் அங்கே ஒரு பாடம் இருக்கிறது. 2021 ஏப்ரலில் ஓய்வு பெற்ற ஜெனரல்கள் இருபது பேர் அளவில் அரசுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள், பணியில் இருந்த சிலரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பணியில் இருந்தவர்கள் மீது நடவடிக்கை என்று அப்போதைய தலைமைத் தளபதி லெகுவான்த்ர் அறிவித்தார். ஜெனரல்களுக்கு ஓய்வுக்குப் பிறகும் "இரண்டாம் பிரிவு" என்று ஒரு நிலை உண்டு, அதில் இருக்கும்வரை அந்த அடக்கக் கடமை அவர்களை விடாது.

இந்தியாவிலும் 2019 ஏப்ரலில் 150-க்கும் மேற்பட்ட முன்னாள் படையினர் பெயரில் குடியரசுத் தலைவருக்கு ஒரு கடிதம் போனது. படையை அரசியலுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்பதுதான் கோரிக்கை. ஆனால் பட்டியலில் இருந்த இரண்டு மூன்று பெரிய பெயர்கள் நாங்கள் சம்மதிக்கவில்லை என்றார்கள், அதற்குப் பிறகு பேச்செல்லாம் கையெழுத்தைப் பற்றியே ஆகிவிட்டது. கூட்டுக் கடிதம், கூட்டு ஃபார்வர்டு எதிலும் ஒருவர் பெயரைச் சேர்க்கும் முன் அவரிடமிருந்து எழுத்தில் ஒரு வரி வாங்கி வையுங்கள்.

மாமாவுக்கு இந்தியச் சட்டப்படி முழு உரிமை. கட்சியில் சேரலாம், மேடை ஏறலாம், தேர்தலில் நிற்கலாம். அவரிடம் கேட்க வேண்டியது இரண்டுதான். பதவியை எழுதினால் "ஓய்வு" என்பதையும் சேர்த்து எழுதட்டும், கட்சி மேடைக்கு மெடலும் சீருடையும் வேண்டாம். பிறகு, பணியில் இருக்கும் மருமகன் உள்ள குரூப்பில் கட்சிப் பதிவு வேண்டாம். சிப்பாய்க்கு அந்த இடத்தில் "மாமா, தப்பு" என்று சொல்லவும் முடியாது, "சரி" என்று சொல்லவும் முடியாது. கட்டைவிரல் எமோஜி ஒன்று போட்டாலும் அது அவன் கருத்தாகிவிடும்.

---

வில்லியனூர் சரிபார்ப்பு பதில்:

போர் வீடியோ பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான்.

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நேரத்தில் சுற்றியவற்றில் பல, வேறு நாட்டுப் பழைய காட்சிகள். சில, ஆர்மா 3 என்ற வீடியோ கேம். அந்த கேமைச் செய்த செக் நாட்டு நிறுவனமே 2022-ல், எங்கள் கேம் காட்சியைப் போர்ச் செய்தியாகப் பரப்புகிறார்கள், இப்படிக் கண்டுபிடியுங்கள் என்று அறிவிப்பு விட்டது. அடையாளங்கள்: படம் வேண்டுமென்றே மங்கலாக இருக்கும், கேமரா தேவைக்கு மேல் ஆடும், பெரும்பாலும் இரவு, மனிதர்கள் அருகில் தெரிய மாட்டார்கள், சத்தம் இருக்காது அல்லது ஒட்டாது, வெடிப்பின் புகையும் சிதறலும் இயல்பாக இருக்காது.

சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். வீடியோவை நிறுத்தி, கட்டடமோ பெயர்ப்பலகையோ தெளிவாகத் தெரியும் இடத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் தமிழ் எழுத்தையும் சேனல் லோகோவையும் வெட்டி எறியுங்கள், இல்லாவிட்டால் தேடல் அந்த எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். கூகுள் லென்ஸில் போட்டு, பழைய தேதியில் வந்தது எது என்று பாருங்கள். ஒரு காட்சியில் கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு காட்சிகளில் தேடுங்கள். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் பிரிவான பிஐபியின் ஃபேக்ட் செக் வாட்ஸ்அப் எண் 8799711259. மத்திய அரசு, படைகள் தொடர்பானதை அங்கே அனுப்பிக் கேட்கலாம். இரட்டை அம்புக்குறியோடு "பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது" என்று வந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் வைத்ததும் அதனால்தான்.

உண்மையான வீடியோவாக இருந்தாலும் அனுப்பக் கூடாதவை உண்டு. படை நகர்வு, ரயிலில் போகும் தளவாடம், கடலோரக் காவல் கப்பலின் நேரடிக் காட்சி. 2025 ஏப்ரல் 26-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், ராணுவ நடவடிக்கைகளை நேரலையாகக் காட்டாதீர்கள் என்று சொன்னபோது கார்கில், மும்பை 26/11, காந்தகார் விமானக் கடத்தல் மூன்றையும் காரணம் காட்டியது. சமூக வலைத்தளம் பயன்படுத்துவோருக்கும் சேர்த்தே சொன்னது. நம் கடற்கரைக்கும் அது பொருந்தும்.

அடுத்து, பிடிபட்ட வீரர், இறந்த வீரர். மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 13-வது பிரிவு, போர்க்கைதியை அவமதிப்பிலிருந்தும் வேடிக்கைப் பொருளாவதிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது. 2019 பிப்ரவரி 27-ல் இந்திய விமானப் படை விமானி அபிநந்தன் பாகிஸ்தானில் பிடிபட்டபோது, ரத்தம் வழியும் முகத்தோடு அவரைக் காட்டிய வீடியோவை இந்தியா இதனால்தான் கண்டித்தது. அதே நேரத்தில் அந்த வீடியோ தமிழ்நாட்டில் எத்தனை லட்சம் கைகள் வழியாகப் போயிற்று என்று நினைத்துப் பாருங்கள். உடன்படிக்கை அரசுகளைக் கட்டுப்படுத்துவது, உங்கள் மாமாவை நீதிமன்றத்தில் நிறுத்தாது. ஆனால் அந்த முகத்தை வேடிக்கைப் பொருளாக்கும் வேலையை நம் விரல் செய்யலாமா? எதிரி நாட்டுச் சிப்பாயின் உடல் என்றாலும் இதே அளவுகோல்தான். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள், அவள் போனிலும் வாட்ஸ்அப் இருக்கும்.

அட்மின் கேள்விக்கு: சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில், அட்மின் என்பதற்காக மட்டும், மற்றவர் போட்ட பதிவுக்கு ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்றது, கூட்டு நோக்கம் இருந்தால் கதை வேறு. ஆனால் ஃபார்வர்டு செய்பவர் தப்ப முடியாது. 2018-ல் அதே உயர் நீதிமன்றம், ஃபார்வர்டு செய்வது அதை ஏற்று ஆதரிப்பதற்குச் சமம் என்றது. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு வரும் பொய்த் தகவலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 197-வது பிரிவில் மூன்று வருடம் வரை இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது எளிது: குரூப்பை இரண்டாகப் பிரியுங்கள். தம்பி இருக்கும் குரூப்பில் கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல் மட்டும். மற்றதில் மாமா இஷ்டம்.

---

செம்மண்டலம் சேகர் பதில்:

ஒன்று விட்டுப் போயிற்று. தம்பியின் யூனிஃபார்ம் படம் வெளியே போய்விட்டதால் மோசடிக்காரர்கள் கையிலும் கிடைக்கும். "நான் ஆர்மி, புதுச்சேரிக்கு மாற்றலாகி வருகிறேன், வீடு வேண்டும்" என்று வாடகை விளம்பரம் பார்த்துப் பேசி, நம்ப வைக்க யூனிஃபார்ம் படமும் கேன்டீன் கார்டும் அனுப்புவார்கள். அட்வான்ஸ் போடுவதாகச் சொல்லிக் க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம்; பின் நம்பர் கேட்டால் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். பழைய பைக் விற்பனையிலும் இதே கதைதான். ஏமாந்தால் முதல் மணி நேரத்திலேயே 1930-க்கு அடிக்க வேண்டும்.

வீட்டுக்கும் போன் வரலாம். "ரெக்கார்ட் ஆபீசிலிருந்து (படையினரின் பதிவேடுகளை வைத்திருக்கும் அலுவலகம்) பேசுகிறோம், உங்கள் மகன் இப்போது எந்த இடம்" என்று இந்தியிலோ தமிழிலோ கேட்பார்கள். ரெக்கார்ட் ஆபீசுக்கு அது தெரியும், அம்மாவிடம் கேட்க வேண்டியதில்லை. அம்மாவிடம் இந்த ஒரு வரியைச் சொல்லி வையுங்கள்: "மகனிடமே கேளுங்கள்" என்று வைத்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

---

மஞ்சக்குப்பம் மலர் பதில்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சேகர் சொன்னபடி போன் செய்தேன், பேனரை மதியமே அவிழ்த்துவிட்டார்கள். தம்பி ஜேசிஓ சாபிடம் பேசிவிட்டான், வந்ததும் எழுதிக் கொடு என்றாராம். குரூப்பையும் பிரித்துவிட்டேன். மாமாவுக்கு வருத்தம்தான், ஆனால் அபிநந்தன் விஷயத்தைச் சொன்னதும் சும்மா இருந்துவிட்டார்.

ஃபேஸ்புக் பதிவு இன்னும் இருக்கிறது. பக்கத்தை நடத்தும் பையன் வெளியூரில் இருக்கிறானாம். படம் என் மொபைலில் எடுத்தது, ஆனால் எடுத்தது சித்தப்பா மகன். காப்பிரைட் படிவத்தை நான் போடலாமா?

---

செம்மண்டலம் சேகர் பதில்:

போன் உங்களுடையது என்பதால் உரிமை உங்களுக்கு வராது அக்கா. படிவத்தைச் சித்தப்பா மகன் தன் பெயரில், தன் மெயிலிலிருந்து போடட்டும். மூலப் படத்தை உங்கள் கேலரியிலிருந்து அவருக்கு டாக்குமென்டாக அனுப்புங்கள், எடுத்த நேரம் அதில் இருக்கும். அனுப்பும் முன் இட விவரத்தை மட்டும் நீக்கிவிடுங்கள். படிவத்தில் "என்ன உங்களுடையது" என்ற இடத்தில் நடுவில் உள்ள புகைப்படம் மட்டும் என்று எழுத வேண்டும், முழு பேனரையும் உரிமை கோரக் கூடாது. உறுதிப்படுத்தும் மெயில் ஸ்பேமில் விழும், அங்கேயும் பாருங்கள். அந்தப் பையன் ஊருக்கு வந்து தானாகவே நீக்கிவிட்டால் புகாரைத் திரும்பப் பெற்றுவிடுங்கள்.